வேலியில் பதிந்த கை

கடல் கடந்த செவன் ஹில்ஸ் புறநகரில், எழுபத்தாறாம் ஆண்டு மாசி மாதம், பொழுதுபடும் நேரத்தில் பவளம் பின்வளவில் காய்ந்த உடுப்புகளை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஊருக்கு என்னடி எழுதினனீ?" என்று கேட்டபடி அவள் புருஷன் சிறிதரன் வந்தான். யாழ்ப்பாணத்தில் எல்லோரும் அவனை இஞ்சினியர் என்றே நம்பியிருந்தார்கள். இங்கே அவன் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறான் என்று பவளம் தங்கைக்கு எழுதிவிட்டாள்.

"உள்ளதைத்தானேயப்பா எழுதினனான்."

அவன் கையை ஓங்கினான். அந்த நொடியில் ஒரு நெருப்புக் கோளம் சத்தமில்லாமல் வானத்தைக் கடந்து, வளவு முழுவதையும் பகலாக்கிவிட்டு அணைந்தது. சிறிதரன் வாய்பிளந்து அண்ணாந்து நின்றான். கை தானாகத் தாழ்ந்தது.

மறுநாள் காலையில் பலகை வேலியில் இரண்டு நிழல்கள் பதிந்திருந்தன. ஒன்று கை ஓங்கியபடி நின்றது, மற்றது கூடையோடு. சிறிதரன் வெள்ளைப் பெயின்ற் வாங்கி இரண்டு தரம் பூசினான். பெயின்ற் காய்ந்ததும் இரண்டும் திரும்பி வந்தன.

"நான் அடிக்கேல்லைத்தானே," என்றான், தேத்தண்ணி குடிக்கும்போது.

"ஓம்," என்றாள் பவளம்.

அவள் தினமும் அங்கேதான் உடுப்புக் காயப்போட்டாள். முதற்கிழமை நிழலின் கை வேலியின் உச்சியில் இருந்தது. பங்குனியில் நாலு விரல் இறங்கியிருந்தது. சித்திரை வருஷப்பிறப்பன்று மற்ற நிழலின் கன்னத்துக்கு ஒரு சாண்தான் மிச்சம். அன்று தங்கைக்கு எழுதிய கடிதத்தில், இங்கே எல்லோரும் நல்ல சுகம் என்று பவளம் எழுதினாள்.

கூடையோடு நின்ற நிழல் இன்னும் விலகவில்லை.