இஞ்சின் மேல் ஒரு சீட்டு

"உன் சீட்ட இன்னாத்துக்குண்ணா அந்தாளுக்குத் தூக்கிக் குட்த்த?"

பினாங்கு பஸ் நிலையத்தில், பஸ் படிக்கட்டிலேயே வைத்து தங்கப்பாண்டியை மடக்கினாள் வினிதா.

"முதுகு வலின்னான்மா. பாவமா இருந்துச்சு" என்றார் அவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே.

முதுகு வலிக்காரன் யார் என்பதுதான் வினிதாவின் வயிற்றெரிச்சல். அவன் கொழும்பு முதஸ்ஸிர். நாளைக் காலை பத்து மணிக்கு ஜொகூர் பாருவில், கேரம் கலப்பு இரட்டையர் இறுதிப் போட்டியில், இவர்களை எதிர்த்து ஆடப் போகிறவன். போட்டி நடத்துகிறவர்கள் இரண்டு ஜோடிகளையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிட்டிருந்தார்கள். மூன்று சீட்டு முன்னால். நாலாவது கடைசி வரிசையில், இஞ்சினுக்கு நேர் மேலே. அது முதஸ்ஸிருக்கு விழுந்தது. அவன் முகம் போன போக்கைப் பார்த்து வினிதா மனசுக்குள் சிரித்து முடிப்பதற்குள், தங்கப்பாண்டி போய் அவனோடு சீட்டை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

அவருக்கு ஏற்கெனவே கண் இரண்டும் சிவந்து கிடந்தன. பினாங்கில் மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. ஓட்டலில் பதினாலாவது மாடி. ஜன்னலைச் சாத்திவிட்டால் ஊசி விழுந்தாலும் கேட்கும். கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் வண்டி சத்தத்தோடு குடித்தனம் நடத்தும் வினிதாவுக்கு அது சொர்க்கம். அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள். பக்கத்து அறையில் அவர் மட்டும் விடிய விடியப் புரண்டுவிட்டு, காலையில் நடுங்கும் கையால் ஸ்ட்ரைக்கரைப் பிடித்தார். கடலுக்குப் போகாத நாளெல்லாம் காசிமேட்டு மன்றத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டு தள்ளுகிற காயின்கள்கூட இங்கே ஓட்டைக்குள் விழ மறுத்தன. இறுதிப் போட்டி வரை அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தவள் வினிதாதான். முதல் வெளிநாட்டுப் பயணம், பயந்துவிட்டார், அவ்வளவுதான் என்று அவளே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

அவள் பயம் வேறு. இந்தக் கோப்பை கையில் இருந்தால்தான் விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்கு மனுப் போட முடியும். அதற்கான வயது வரம்பு டிசம்பரோடு முடிகிறது.

"இன்னிக்கும் நீ தூங்கலன்னா நாளைக்கு நாம காலிண்ணா. எனக்கு அடுத்த வருசம்னு ஒண்ணு கெடையாது."

"தெரியும்மா. நீ போய் குந்து" என்று சொல்லிவிட்டு அவர் பின்னால் போய்விட்டார்.

முன் சீட்டும் ஒன்றும் சிம்மாசனம் இல்லை. தலைக்கு மேல் ஏசி சொட்டியது. அதை மூடும் திருகு எப்போதோ கழன்று போயிருந்தது. கால் மடக்க இடம் இல்லை. பக்கத்து சீட்டு அம்மாள் வினிதாவின் தோளையே தலையணையாக்கிக்கொண்டு தூங்கினாள். துப்பட்டாவை இரண்டு சுற்று சுற்றியும் விரல்கள் விறைத்தன. எதிர் வரிசையில் முதஸ்ஸிர் காலை நீட்டிக் குறட்டை விட்டான். அது தங்கப்பாண்டியின் சீட்டு என்று நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நடுராத்திரியில் பஸ் ஓரிடத்தில் நின்று கிளம்பியபோது, கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். கடைசி வரிசையில் தரை கொதித்தது. டீசல் நாற்றம் குமட்டியது. இஞ்சின் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் கடகடத்தன. தங்கப்பாண்டி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சுருண்டு கிடந்தார். உடம்பு மொத்தமும் குலுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு முறை கூப்பிட்டாள், பதில் இல்லை. தான் வருத்தப்படக் கூடாது என்று மனுசன் தூங்குவதுபோல் நடிக்கிறார் என்று தோன்றியதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

காலையில் போட்டி தொடங்கியபோது வினிதாவின் விரல்கள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. முதல் ஆட்டம் போயிற்று. எல்லாம் முடிந்தது என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்புறம்தான் தங்கப்பாண்டி ஆட ஆரம்பித்தார். கையில் நடுக்கம் இல்லை, கண்ணில் சிவப்பு இல்லை. மூலையில் ஒட்டிக் கிடந்த காயினைக்கூடச் சுரண்டி எடுத்தார். இரண்டாவது ஆட்டம் இவர்களுக்கு. மூன்றாவதில் இரண்டு பக்கமும் சமம், மிச்சம் ஒரே ஒரு போர்டு. தன் முறை வந்ததும் அவர் மூச்சுவிடாமல் ஐந்து காயின்களை வரிசையாக அனுப்பினார். சிவப்புக் காயினைப் போட்டார். கடைசிக் காயினையும் அதன் பின்னாலேயே வழியனுப்பினார். அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. வினிதா கோப்பையைக் கட்டிக்கொண்டு வெட்கப்படாமல் அழுதாள்.

பரிசளிப்பில் விழாத் தலைவர் மைக்கைப் பிடித்து, முதஸ்ஸிர் சொல்லிக் கேட்ட அந்த சீட்டுக் கதையைச் சொன்னார். இறுதிப் போட்டிக்கு முந்தைய ராத்திரி எதிராளிக்காகத் தன் தூக்கத்தையே விட்டுக்கொடுத்த மனிதரை இந்த ஊர் பார்த்ததில்லை என்றார். அதற்காகத் தனியாக ஒரு கேடயம். முதஸ்ஸிரே மேடையேறி வந்து தங்கப்பாண்டியைக் கட்டிப்பிடித்தான்.

வினிதாவுக்குக் கூச்சமாகப் போயிற்று. "மன்ச்சுக்கோண்ணா" என்றாள் மெதுவாக. "ராத்திரி பூரா உன்ன திட்டிக்கினே வந்தேன். உன் மனசு யாருக்கு வரும்?"

தங்கப்பாண்டி கேடயத்தால் வாயை மறைத்துக்கொண்டு அவள் காதருகே குனிந்தார்.

"மெதுவா பேசும்மா, அவனுக்குக் கேட்டுடப் போவுது. பதினெட்டு வருசமா மீன்புடி போட்டுல, இஞ்சின் மேல பலக போட்டுத் தூங்குறவன் நானு. அந்த சத்தம் இல்லாமத்தான் மூணு நாளா கண்ணு மூடல. திரும்பிப் போறப்பவும் அதே சீட்டக் கேட்டு வையி."