மேக்கப் போட விடாத மகாராணி

"மகாராணி வந்தாச்சா? வாசல்ல சிவப்புக் கம்பளம் விரிக்கச் சொல்லவா?"

மேக்கப் அறையில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

கேட்டது பவுடர் அக்கா. அந்த டி.வி. நிலையம் தொடங்கிய நாளிலிருந்து அங்கே மேக்கப் போட்டவர். ஓய்வு பெற்று வீட்டில் இருந்தவரை இன்று வரவழைத்திருந்தார்கள். பழைய ஸ்டுடியோவை மூடிவிட்டுப் புதுக் கட்டடத்துக்குப் போகிறார்களாம். அதற்கு முன்னால் அந்தக் காலத்து ஊழியர்களை அதே செட்டில் உட்கார வைத்து, ஆளுக்கொரு நினைவைச் சொல்லச் சொல்லி ஒரு நிகழ்ச்சி.

மகாராணி என்பது அங்கே செய்தி வாசித்த அம்மாள். அந்தப் பட்டத்தைச் சூட்டியதே பவுடர் அக்காதான்.

"இந்த நாற்காலியில உட்காராத ஆளுண்டா? மந்திரி உட்கார்ந்திருக்கார், சினிமாக்காரங்க உட்கார்ந்திருக்காங்க. இவ மட்டும் உட்கார மாட்டா. வீட்டுலயே மூஞ்சியைப் பூசிக்கிட்டு வந்துடுவா. நான் பவுடர் பஃபை எடுத்துக்கிட்டுக் கிட்டப் போனாலே, 'வேண்டாம்க்கா, நானே பாத்துக்கறேன்'. ஏன், என் கை பட்டா கரைஞ்சா போயிடுவா?"

"நம்மளைக் கண்டா அவங்களுக்கு இளக்காரம்" என்று எடுத்துக் கொடுத்தார், மேக்கப்புக்காக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த எடிட்டர்.

"இளக்காரமா? திமிருய்யா, திமிரு! பூச்சாவது ஒழுங்கா இருக்குமா? சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி அப்பிக்கிட்டு வருவா. லைட்டுல திட்டுத் திட்டாத் தெரியும். ஏச்சு யாருக்கு? எனக்கு! 'உனக்கு மேக்கப் போடத் தெரியுமா, தெரியாதா?'ன்னு டைரக்டர் அத்தனை பேர் முன்னாடி கேட்டாரே... தலையை ஆட்டாதீங்க எடிட்டர் சார், அடிச்ச சாயம் காதெல்லாம் வழிஞ்சிருக்கு."

மறுபடியும் சிரிப்பு. எடிட்டர் மட்டும் காதைத் தடவிக்கொண்டார்.

பவுடர் அக்காவின் முறை வந்தது. கேமரா ஓடத் தொடங்கியதும் வெளுத்து வாங்கினார். நேரலை நடக்கும்போது டைரக்டரின் விக் பசை விட்டுப்போன கதையில் ஆரம்பித்தார். முன்வரிசையில் இருந்த டைரக்டர் அசட்டுச் சிரிப்புடன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அடுத்தது மகாராணி கதை. அவரும் அதே வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததும் பவுடர் அக்காவுக்கு இன்னும் உற்சாகம். கழுத்தை ஒரு வெட்டு வெட்டி, 'நானே பாத்துக்கறேன்' என்று குரலை அப்படியே பிடித்துக் காட்டினார். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது.

மகாராணியும் சிரித்தார், உதட்டளவில்.

"அடுத்து மேடம்தான். ஒரு டச்சப் முடிச்சுட்டு வந்துடுங்க" என்றார் நிகழ்ச்சித் தயாரிப்பாளர்.

பவுடர் அக்கா அறைக்குத் திரும்பினார். இத்தனை வருடமாகக் குத்திக்கொண்டிருந்த முள்ளைப் பிடுங்கி எறிந்த மாதிரி இருந்தது.

கதவு திறந்தது. மகாராணி!

உள்ளே வந்தவர் கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் இருந்த அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"இன்னிக்கு நீங்க போட்டு விடுங்கக்கா."

சபையில் நாலு பேர் சிரித்ததும் வழிக்கு வந்துவிட்டாளாக்கும் என்று நினைத்துக்கொண்டார் பவுடர் அக்கா.

"இந்தக் கை பரவாயில்லையா மேடம்? பூச்சு மேல பூச்சு பூச எனக்குத் தெரியாது. முதல்ல உங்க பூச்சைத் துடைக்கணும்."

"துடைங்க."

பஞ்சை நனைத்துத் தாடையில் அழுத்தித் துடைத்தார். பூச்சு விலகியது. அடியில் தையல் போட்ட நீளத் தழும்பு.

புருவத்தைத் துடைத்தார். அங்கே ஒரு பள்ளம். கண்ணுக்குக் கீழே, ஆறியும் நிறம் திரும்பாத தோல்.

பவுடர் அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"எங்கயாவது... விழுந்தீங்களாம்மா?"

"விழலை. எங்க வீட்டுக்காரர் கைவண்ணம்."

செய்தி வாசிக்கும் அதே குரல். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"தாடையில இருக்கறது வேலைக்குச் சேர்ந்த புதுசுல. புருவம், தேர்தல் முடிவு வாசிச்ச அன்னிக்கு. கிளம்பற நேரம் பார்த்து அடிப்பார். வலிக்குதுன்னு முகத்தைச் சுளிக்க முடியுமா? குளோசப் ஆச்சே. அதனாலதான் அப்பிக்கிட்டு வந்தேன்."

"இப்ப அவரு...?"

"போன வருஷம் போய்ச் சேர்ந்துட்டார். இன்னிக்கு எதையும் மறைக்காம போய் உட்காரப் போறேன். நானே என் வாயால சொல்லிடறேன். எண்ணெய் வழியாம லேசா பவுடர் மட்டும் போடுங்க, போதும்."

சற்று முன் கிடைத்த கைதட்டல் பவுடர் அக்காவின் காதில் அறைந்தது. மகாராணியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டார்.

"பாவி, நான் என்னென்ன பேசிட்டேன்! அன்னிக்கே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா? ஈ காக்காய்க்குத் தெரியாம மறைச்சு விட்டிருப்பேனே!"

மகாராணி கண்ணாடி வழியாகவே அவரைப் பார்த்தார்.

"உங்க கை மறைச்சிருக்கும்க்கா. உங்க வாய்?"