டிரைவருக்குப் பயம்

"நான் உள்ள போக மாட்டேன்."

ஸ்கேன் அறை வாசலில், நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் ரிட்டயர்டு பஸ் டிரைவர்.

அவர் மனைவி, பள்ளிக்கூடத்தையே அதட்டி ஆண்ட கணக்கு டீச்சர். அவளுக்கு மானமே போய்விட்டது.

"என்னங்க இது, சின்னப் பிள்ளை மாதிரி? முதுகுல ஸ்க்ரூ வைக்கணும்னா எலும்புக்குப் பலம் இருக்கான்னு முதல்ல பார்க்கணும்னு டாக்டர் சொன்னாராம். நீங்கதானே வந்து சொன்னீங்க?"

"சொன்னேன். இப்போ பயமா இருக்கு."

"ஊசி எல்லாம் கிடையாதுங்கய்யா," என்றாள் ஸ்கேன் எடுக்கும் பெண். "பத்து நிமிஷம் அசையாம படுத்திருந்தா போதும்."

"அந்த மெஷின் என் மேல விழுந்துட்டா?"

வரிசையில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். டீச்சர் பல்லைக் கடித்தாள். முப்பது வருஷம் மலைப்பாதையில் பஸ் ஓட்டின மனுஷன்.

"டீச்சர், நீ முதல்ல படுத்துக் காட்டு. உனக்கு ஒண்ணும் ஆகலைன்னா நான் வர்றேன்."

"எனக்கு ஆனா பரவாயில்லையாக்கும். முதுகுவலி உங்களுக்கா, எனக்கா?"

அவர் அசைகிற மாதிரி தெரியவில்லை. வேறு வழியில்லாமல் அவள் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். "இவரை நம்பினா இன்னிக்குப் பொழுது இங்கேயே போயிடும். நான் படுத்துக் காட்டலாமாம்மா?"

"தாராளமா வாங்கம்மா."

டீச்சர் உள்ளே போய்ப் படுத்தாள். மெஷினின் கை மேலே மெல்ல ஊர்ந்தது. அவள் வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை.

"வீட்டுல கரப்பான்பூச்சி வந்தாக்கூட நான்தான் போகணும்..."

"பேசக் கூடாதும்மா. ஆடாம அசையாம இருங்க."

"முப்பத்தஞ்சு வருஷம் வகுப்புல நான் சொன்னதை இன்னிக்கு நீ எனக்குச் சொல்றே."

முடித்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்தாள்.

"பார்த்தீங்களா, முழுசா வந்திருக்கேன். எந்திரிங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, நீயாவது இவரை உள்ள கூட்டிட்டுப் போயேன்," என்றாள் டீச்சர் அந்தப் பெண்ணிடம்.

அந்தப் பெண் தயங்கினாள்.

"ஐயாவுக்குப் போன வாரமே எடுத்தாச்சும்மா. எலும்பு பலமில்ல, ஸ்க்ரூ பிடிக்காது, ஆறு மாசம் மருந்து போட்டுட்டுத்தான் ஆபரேஷன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"அப்போ இன்னிக்கு எதுக்கு வந்தோம்?"

"டாக்டர் சொன்னப்ப ஐயா தன்னைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலம்மா. 'என் வீட்டுக்காரி பாத்ரூம்ல ரெண்டு தடவை விழுந்துட்டா, ஆஸ்பத்திரின்னா வரவே மாட்டேங்கிறா, அவளை எப்படியாவது படுக்க வச்சுப் பார்க்கணும் சார்'னுதான் கேட்டார். இன்னிக்கு ஸ்கேன் சீட்டே உங்க பேர்லதாம்மா இருக்கு."