தீ மாதிரி சிவப்பு

"மொட்டு வாய் திறந்துடுச்சா கார்ஸ்டன்? என்ன நிறம் தெரியுது?"

ஐலர்ட் கிழவர் குனிந்து, இடுப்பு உயரச் செடியின் மொட்டு ஒன்றை விரல் நுனியால் தடவிக்கொண்டிருந்தார். பால் பண்ணையில் கொதிகலன் வெடித்து அவருக்குக் கண் இரண்டும் போய் நாற்பது வருஷம்.

கார்ஸ்டன் எட்டிப் பார்த்தான். மொட்டின் நுனியில் செதில் விலகி, உள்ளே இருந்த நிறம் தெரிந்தது. வெளிர் ஊதா.



"இன்னும் மூடித்தான் இருக்கு, பெரியவரே. ஒரு வாரம் ஆகும்."

"நல்லாப் பாருடா! கண்ணு எனக்குத்தான் இல்ல, உனக்கு இருக்கே." கிழவர் சிரித்தார். "கல்யாணமான வருஷம் கெசீனாவுக்காக நட்டது. ரத்தச் சிவப்பு. நான் பார்த்தது ஒரே ஒரு மே மாசம். அப்புறம் அவ சொல்லிக் கேக்கறதோட சரி. 'தீ மாதிரி பூத்திருக்கு'ன்னு வருஷா வருஷம் சொல்வா. உன் புண்ணியத்துல மூணு வருஷமா அதுவும் இல்ல."

கார்ஸ்டன் கத்தரியைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

அவன் இந்த ஊருக்குத் தோட்ட வேலைக்கு வந்த முதல் குளிர்காலத்தில் செய்த வேலை அது. இந்த ரோடோடென்ட்ரான் பூச்செடி அப்போது கூரை வரை வளர்ந்து சமையலறை ஜன்னலை மறைத்திருந்தது. கீழே வெறும் கட்டை, உச்சியில் மட்டும் இலை. முழங்கால் உயரம் விட்டுக் கவாத்து செய்தால் மறுபடி துளிர்க்கும். ஆனால் தண்டு உளுத்திருந்தது. கெசீனா அம்மாவிடம்தான் கேட்டான்.

"தரையோட வெட்டினாத்தான் என்னப்பா? வெட்டு" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அவனும் வெட்டிவிட்டான்.

ஊதா மொட்டைப் பார்த்த அன்று சாயங்காலமே கார்ஸ்டன் தன் அக்கா வீப்கேயின் நாற்றுப் பண்ணைக்கு ஓடினான்.

"தரையோடயா வெட்டின? ஏன்டா, மண்டையில மண்ணா?" அக்கா கையிலிருந்த மண்கொத்தியைக் கீழே போட்டாள். "அது ஒட்டுச்செடிடா! மேல சிவப்பு, அடியில காட்டு ஊதா. ஒட்டுக்குக் கீழே வெட்டினா அடிச்செடிதானே துளிர்க்கும்? இந்த ஊர்ல பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட இது தெரியும்."

"எனக்கு அப்பத் தெரியலையே."

"போய் உண்மையைச் சொல்லு."

"எப்படிக்கா சொல்வேன்? வாரா வாரம் வந்து மொட்டைத் தடவிப் பாக்கறார்."

"அவருக்குத்தான் கண்ணு தெரியாதே. எந்த நிறத்துல பூத்தா என்ன?"

"அந்தம்மாவுக்குத் தெரியுமே! இத்தனை வருஷமா பக்கத்துலயே இருந்து பார்த்தவங்க. ஊதாவைப் பார்த்தா நெஞ்சு வெடிச்சிடும். நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அந்த வீட்டு வாசல்ல நிக்கறது?"

வீப்கே அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மூன்று ராத்திரி தூங்காதவன் மாதிரி இருந்தது அவன் முகம்.

"மூணாவது வரிசையில சிவப்பு ஒண்ணு நிக்குது. இடுப்பு உயரம்தான். வேர் ஆழமாப் போகாது, பூக்கிற சமயத்துலகூட இடம் மாத்தலாம். தூக்கிட்டுப் போய்த் தொலை."

வியாழக்கிழமை இயேசு விண்ணேற்றத் திருநாள், விடுமுறை. கிழவரும் மனைவியும் பிரேமன் நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். கார் தெருமுனை திரும்பியதும் கார்ஸ்டன் மண்வெட்டியை எடுத்தான். ஊதாவைத் தோண்டி எடுத்துவிட்டுச் சிவப்பை நட்டான். மேலே பைன் பட்டைத் தூளைப் பரப்பி, தடம் தெரியாமல் பெருக்கினான்.

ஆனாலும் நிம்மதி இல்லை. இலை கொஞ்சம் அகலமோ? பழையது இடப்பக்கம் சாய்ந்திருந்ததோ? வெள்ளியும் சனியும் நாலு தடவை சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போனான்.

ஞாயிறு மத்தியானம் கார் வந்து நின்றது. செடி முழுக்கச் சிவப்பாகப் பூத்து நின்றது.

கெசீனா அம்மா கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தவள், சட்டென்று நின்றாள். பூவைப் பார்த்தாள். கீழே பட்டைத் தூளைப் பார்த்தாள். வேலியோரம் நின்ற கார்ஸ்டனைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது.

"என்ன கெசீனா, பேச்சையே காணோம்? பூத்திருக்கா?"

"பூத்திருக்கு."

"என்ன நிறம்?"



"சிவப்பு." அவள் குரல் உடைந்தது. "தீ மாதிரி."

"பார்த்தியா, நான் சொன்னேன்ல!" கிழவர் கைத்தடியைத் தட்டிக்கொண்டு, "கற்கண்டு போட்டு டீ கொண்டா, இன்னிக்குக் கொண்டாடணும்" என்று உள்ளே போனார்.

கதவு சாத்தியதும் அவள் நேரே வந்து கார்ஸ்டனின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இது அந்தச் செடி இல்ல."

"அம்மா, மன்னிச்சுடுங்க! ஒட்டுக்குக் கீழே வெட்டிட்டேன். அதனாலதான் ஊதா வந்துச்சு. உங்க சிவப்பை நான்தான் கொன்னுட்டேன்."

"நீ எங்கப்பா கொன்னே?" ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவருக்குக் கண்ணு போன அந்தக் குளிர்காலத்துலேயே சிவப்பு பனியில செத்துடுச்சு. அப்புறம் அடியிலேருந்து எழுந்ததெல்லாம் ஊதாதான்."

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பூக்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாற்பது வருஷத்துல இன்னிக்குத்தான்பா அவர்கிட்ட நான் உண்மையைச் சொல்லியிருக்கேன்."