முழு ஆட்டம்

“ஜூன் 10: பந்தை அடிக்கும்போதெல்லாம் மூச்சை அடக்கியிருக்கிறேன், அதுதான் தப்பு” என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு வந்திருக்கிறாள் சண்முகவடிவு. தி.நகர் ஜவுளிக்கடையில் பில் போடும் மேசையில் நாளெல்லாம் உட்கார்ந்தே மரத்துப்போன உடம்பு. இன்றும் பாதி ஆட்டத்தில் மூச்சிரைத்து நின்றால், மட்டையால் பந்தைச் சுவரில் அடித்து ஆடும் இந்த அடையாறு ராக்கெட்பால் வகுப்பையே விட்டுவிடுவதாக முடிவு. வெள்ளை விளக்கில் நாலு சுவரும் பளபளக்க, நீலப் பந்து டப்பென்று மோதித் திரும்புகிறது. ஒவ்வோர் அடிக்கும் ‘ஹா’வென்று மூச்சை விடுகிறாள். “இன்னா வடிவு, மூச்சு வாங்குதா?” என்கிறான் எதிர்த்து ஆடும் விக்கி. “உனக்குத்தான் நாக்கு தொங்குது. பந்தைப் போடு!” வியர்வை கண்ணில் இறங்குகிறது, கால்கள் நிற்கவில்லை. கடைசிப் புள்ளி விக்கிக்கு. “தோத்துட்டு இன்னாத்துக்கு சிரிக்கிற?” “முழுசா ஆடிட்டேன்டா!” நெஞ்சு தவில் வாசிக்க, நின்ற இடத்திலேயே குதிக்கிறாள்.

இரவு குறிப்பேட்டில் எழுதுகிறாள்: “நாளை இடப்பக்கம் வரும் பந்தை எடுக்கப் பழக வேண்டும்.”