பிரிட்ஜுக்கு ஒரு கையொப்பம்

“பிரிட்ஜிட நம்பர் இதுல இல்லையே தம்பி. இதோட போனீங்கண்டா திருப்பித்தான் அனுப்புவாங்க.”

பழுதான பிரிட்ஜுக்கு இழப்பீடு கேட்டு வந்த காப்புறுதிக் கந்தோரில், நீள வாங்கில் பக்கத்தில் இருந்த பெண் அப்படிச் சொன்னதும் நல்லரெத்தினத்துக்குத் திக்கென்றது. பிரிட்ஜ் திருத்துபவர் எழுதிக் கொடுத்த கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன நம்பர் ராத்தா?”

“பிரிட்ஜிட பின்பக்கத்தில ஒட்டியிரிக்கும். அதுக்காகவே நான் ஒருக்கா வந்து திரும்பிப் போன நான். மறுகா கரண்ட் கந்தோர்க் கடிதத்துக்கு அலைஞ்ச நான். நீங்க இப்பவே வீட்ட கேட்டு, திருத்தினவர்ட்ட எழுதிட்டு ஓடி வாங்க. இடத்த நான் பாத்துக்கிறன்.”

நல்லரெத்தினம் பாண்டிருப்பில் பாடசாலை வான் ஓட்டுபவர். கார்த்திகை மழையில் விழுந்த இடி அவர் வீட்டுப் பிரிட்ஜைக் கருக்கிவிட்டது. மனைவி மங்களேஸ்வரியின் இன்சுலின் இப்போது அடுத்த வீட்டுப் பிரிட்ஜில் இருக்கிறது. ஊசி போடும் நேரமெல்லாம் அவர்களுடைய கதவைத் தட்ட வேண்டும். முகம் சுளிக்காத நல்ல சனங்கள்தான். ஆனாலும் மங்களேஸ்வரிக்குக் கூச்சம்.

வீட்டுக்குப் போன் எடுத்துக் கேட்டு, சந்தையடியில் இருந்த திருத்துபவரிடம் ஓடி, நம்பரை எழுதுவித்துக்கொண்டு மூச்சு வாங்கத் திரும்பியபோது, அவருடைய இடத்தில் தன் கைப்பையை வைத்துவிட்டு அந்தப் பெண் காத்திருந்தார். பெயர் சுல்பிகா. சாய்ந்தமருதில் தேங்காய்ப்பால் இனிப்பான வட்டிலப்பம் செய்து வீடுகளுக்குக் கொடுப்பவர். அவருடைய பிரிட்ஜையும் அதே இடிதான் கொண்டுபோயிருந்தது. அன்றிலிருந்து தொழில் படுத்துவிட்டது.

நல்லரெத்தினத்தின் பெயர் முதலில் வந்தது. கவுண்டரில் றினாஸ் என்ற இளம் அதிகாரி கடிதங்களைப் பார்த்தான்; சிரித்தான்; கையொப்பம் வைத்தான்.

“எல்லாம் சரி ஐயா. இனி நீங்க வரத் தேவையில்ல.”

ஒரே நடையில் முடிந்துவிட்டது! நல்லரெத்தினம் சுல்பிகாவைப் பார்த்துக் கை கூப்பினார்.

அடுத்தது சுல்பிகா. அவரைக் கண்டதும் றினாஸின் சிரிப்பு மறைந்தது. ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பார்த்ததையே மறுபடி பார்த்தான்.

“இந்த முறை எல்லாம் சரி. ஆனா நான் கையொப்பம் வைக்க ஏலா. மட்டக்களப்புக் கந்தோர்லதான் வைக்கணும். நீங்க போயிட்டு வாங்க.”

“ஓம் மகன்” என்றபடி சுல்பிகா எழுந்தார்.

நல்லரெத்தினத்துக்குப் பொறுக்கவில்லை. வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

“ஏன் தம்பி ஏலாது? எனக்கு வச்சீங்கதானே? அதே இடி, அதே பிரிட்ஜ், அதே கடிதங்கள். இவவுக்கு மட்டும் ஏன் மட்டக்களப்பு?”

“அதுதான் ஐயா விதி.”

“என்ன விதி? ஒரு பொம்பிளைய எத்தனை தரம் அலைய விடுவீங்க? இவ சொல்லித் தந்தபடியால்தான் என்ட அலுவல் இண்டைக்கு முடிஞ்சது. இவட அலுவல் முடியாம நான் இந்த இடத்த விட்டு அசைய மாட்டன்!”

வாங்கில் இருந்தவர்களும் ‘அதுதானே’ என்று முணுமுணுத்தார்கள். றினாஸ் தலையைக் குனிந்துகொண்டான். காது மடல் சிவந்திருந்தது.

“விடுங்க தம்பி” என்றார் சுல்பிகா. “அவர் தன்ட வேலையத்தானே செய்றார்.”

“நீங்க சும்மா இருங்க ராத்தா. தம்பி, மட்டக்களப்புக்குப் போன் எடுத்துத் தாங்க. நான் கதைக்கிறன்.”

றினாஸ் ஒரு கணம் தயங்கினான். பிறகு நம்பரை அழுத்தி, ரிசீவரை அவரிடம் நீட்டினான்.

நல்லரெத்தினம் கதைத்தார். கெஞ்சினார், கொஞ்சம் சத்தமும் போட்டார். மறுமுனையில் இருந்த பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, கரண்ட் கந்தோர்க் கடிதம் தங்களுக்கு இன்னும் வராததால்தான் தாமதம் என்றும், உடனே அனுப்பினால் இன்றைக்கே பார்ப்பதாகவும் சொன்னார். சுல்பிகா கொண்டுவந்திருந்த அந்தக் கடிதத்தை றினாஸ் உடனே கணினியில் அனுப்பிவைத்தான். பகல் சாப்பாட்டுக்குக் கந்தோர் மூடுமுன் பதில் வந்துவிட்டது. அனுமதி!

“அல்ஹம்துலில்லாஹ்!” சுல்பிகா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். “ஆரோ எவரோ, எனக்காக இவ்வளவு கதைச்சீங்களே தம்பி. அல்லா உங்கட குடும்பத்த நல்லா வைக்கட்டும்.”

“நீங்க செஞ்ச உதவிக்கு இது என்ன ராத்தா?”

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. நல்லரெத்தினம் வானின் கதவைத் திறந்துவிட்டார்.

“ஏறுங்க, வீட்ட விட்டுட்டுப் போறன். ஆனா அந்தப் பொடியனப் பத்தி மேலிடத்துக்குச் சொல்லத்தான் வேணும். என்ன கல்லு மனசு! உங்கள ஏறெடுத்தும் பாக்கல்லையே.”

சுல்பிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அந்த நேரம் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து அவர்கள் பக்கத்தில் நின்றது. றினாஸ்! நல்லரெத்தினம் சண்டைக்குத் தயாரானார். றினாஸோ இறங்கி வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

“பெரிய உதவி ஐயா. அந்தக் கதிரையில இரிந்துகொண்டு சொந்த ஆக்களுக்குக் கையொப்பம் வைக்கவோ, இவவுக்காக ஒரு சொல்லுக் கதைக்கவோ எனக்கு உரிமையில்ல. நீங்க கதைச்சீங்க.”

பிறகு திரும்பி, கையிலிருந்த ஹெல்மெட்டைச் சுல்பிகாவின் தலையில் மெல்ல மாட்டிவிட்டான்.

“ஏறுங்க உம்மா, வீட்ட வாப்பா சாப்பிடாம நமக்காகப் பாத்துக்கிட்டு இரிப்பார்.”