கடைக்கு வந்த வண்டி

"சக்கரத்தைச் சுத்திவிட்டாலே தெரியுதே அக்கா, அப்படி ஆடுது! நாலு மணிக்கு பீச் ரோட்டுல ரேஸ் ஃபைனல். வித், வித்!"

பதற்றத்தில் சபினுக்கு வீட்டுப் பிரெஞ்சு வாயில் வந்துவிட்டது.

"பிரெஞ்சுல விரட்டினா மட்டும் நட்டு சீக்கிரம் கழண்டுடுமா பாப்பா?" என்று சிரித்தபடி ஷாஹீன் பின்சக்கரத்தைக் கழற்றினாள். முல்லா வீதியில் அந்த ஞாயிறு மதியம் திறந்திருந்த ஒரே சைக்கிள் கடை அது. அத்தா சாப்பிடப் போயிருக்க, மகள்தான் ஸ்பேனர் பிடித்திருந்தாள்.

உருவிய ஆக்சிலைத் தரையில் உருட்டிவிட்டாள். அது குடித்தவன்போலத் தள்ளாடிக்கொண்டு போனது.

"நல்லா வளைஞ்சிருக்கு. பின்னாடி யாரை ஏத்தின?"

"எங்க அண்ணன் ஜோர்தானை. காலையில முதல் குரூப்புல நான் ஜெயிச்சேனா, அந்தக் குஷியில ரெண்டு பேருமா வண்டியோட பிளாட்பாரத்துலேர்ந்து குதிச்சுட்டோம். எண்பது கிலோ அக்கா அவன்! தட்டி நிமித்த முடியாதா?"

"நிமித்தலாம். மார்க்கெட் போய் வரத் தாங்கும். பந்தயத்துக்குச் சொல்ல முடியாது. புதுசு வேணும்னா பார்ட்ஸ் கடை நாளைக்குத்தான்."

சபினுக்கு அழுகை முட்டியது. ஜெயித்தால் பாண்டிச்சேரி அணியில் டெல்லி போகலாம். மனசுக்குள் பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது.

"யாரைத் தோற்கடிக்கணும்?" என்று கேட்டாள் ஷாஹீன்.

"ரெண்டாவது குரூப்புல ஜெயிச்ச இருபத்தேழாம் நம்பர். நாங்க கொண்டாடப் போயிட்டோம், அவ மூஞ்சியக்கூடப் பார்க்கல. போர்டுல டைமைத்தான் பார்த்தேன். என்னைவிட மூணு செகண்டு கம்மி! அவ வண்டி பஞ்சராகணும்னு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்திருக்கேன்."

ஷாஹீன் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு கொஞ்சநேரம் வெறும் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விருட்டென்று எழுந்து உள்ளே போனாள். திரும்பியபோது அவள் கையில் கிரீஸ் மினுமினுக்க இன்னொரு ஆக்சில்.

"இது ஏதுக்கா?"

"வீட்டு வண்டியோடது. கடைக்கு வந்த வண்டிய நிக்க வச்சுட்டு வீட்டு வண்டி வெளிய போகக் கூடாது. எங்க அத்தாவோட சட்டம்."

கால் மணி நேரத்தில் சக்கரம் ஆடாமல் அசையாமல் வழுக்கிக்கொண்டு சுழன்றது. மணி மூன்று ஐம்பது. கடற்கரைப் பக்கமிருந்து மைக் சத்தம் காற்றில் வந்தது. சபின் துள்ளி ஏறினாள்.

"எனக்காக வேண்டிக்கோங்கக்கா!"

"ஒரு நிமிஷம் பாப்பா."

ஷாஹீன் பையிலிருந்து மடித்த துணி ஒன்றை உதறி நெஞ்சில் ஊக்குக் குத்திக்கொண்டாள். வளைந்த ஆக்சிலைக் கல்மேல் வைத்துச் சுத்தியலை ஓங்கினாள்.

துணியில் இருபத்தேழு என்றிருந்தது.

"இத நிமித்தி என் வண்டியில போட்டுக்கிட்டு வந்துடறேன். விசில் ஊதறவர்கிட்ட ஒரு பத்து நிமிஷம் பொறுக்கச் சொல்றியா?"